குமாஸ்தா என்றவருக்கு

திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரியைச் சென்ற இதழ்க் கட்டுரையாளர் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் குமாஸ்தா என்கிறார். வெள்ளைக்காரன் அச்சடித்த நாட்டிகல் அல்மனாக் அட்டவணையைப் பார்த்து எழுதி, ரிஷிகள் கொடுத்த பழைய வாக்கியக் கணக்கைக் கெடுத்தவராம். தமிழர் வீடுகளில் ஒரே விரதத்துக்கு இரண்டு தேதி வருவதற்கும், சனி எப்போது பெயர்கிறார் என்று தடவைக்குத் தடவை குழம்புவதற்கும் அவர்தான் காரணமாம். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு கூட்டல் கழித்தல்கூட அதில் இல்லை. எண் என்று பெருமையாக ஒன்றைத்தான் காட்டுகிறார். அதற்கும் வருகிறேன்.

நான் இருப்பது பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை இது. வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் மாறும். ஒரு வீட்டில் வாக்கியப்படி போட்ட பாம்புப் பஞ்சாங்கம், அடுத்த வீட்டில் வானத்தோடு ஒட்டித் திருத்திய திருக்கணிதம், எதிரே கன்னடக்காரர் வீட்டில் ஒண்டிகொப்பல். 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் போய்விட்டது என்றது திருக்கணிதம். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு, இல்லை, 2026-ல்தான் என்றது. எள் விளக்கு என்றைக்கு ஏற்றுவது என்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாளிடம், நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்களோ அந்தக் கோயில் சொல்லும் நாளில் ஏற்றுங்கள் என்றுதான் சொன்னேன். வழிபாட்டு நாளைக் குறிப்பது கோயிலின் உரிமை. அதில் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. சனி வானத்தில் எங்கே நிற்கிறது என்பதோ யார் உரிமையிலும் அடங்காத சங்கதி. கட்டுரையாளர் முன்னதைக் காட்டிப் பின்னதையும் தன் பெயரில் பத்திரம் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். வானத்தில் இல்லாத வித்தியாசத்தைத் திருக்கணிதக்காரர்கள் காகிதத்தில் உண்டாக்கினார்கள் என்று எழுதுகிறார்.

சரி, வானத்தையே கேட்போம். 2020-ல் வாக்கியப்படி குருப்பெயர்ச்சி நவம்பர் 15. அன்று குரு தனுசை விட்டு மகரத்துக்குப் போனார். சனிப்பெயர்ச்சி டிசம்பர் 27. அதுவரை சனி தனுசில் இருந்தார். ஆக, இடைப்பட்ட டிசம்பர் 21-ஆம் தேதி மாலை வாக்கியக் கணக்குப்படி குரு மகரத்துக்குள் ஏறக்குறைய ஏழு பாகை போயிருக்க வேண்டும். சனி தனுசின் கடைசிப் பாகையில் இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டுப் பாகை, அதாவது முழு நிலவைப் பதினைந்து முறை வரிசையாக அடுக்கலாம் என்ற அளவு இடைவெளி. அன்று மாலை மேற்கு வானத்தில் உலகம் பார்த்தது என்ன? குருவும் சனியும் ஒன்றையொன்று தொடுவதுபோல் நின்றன. இடைவெளி ஆறு கலை, பாகையில் பத்தில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே தெரிந்தன. செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்ட காட்சி அது.

இந்த இடத்தில் வாக்கியக் கட்சியார் ஓடி ஒளிவதற்கு ஒரு பொந்து வைத்திருப்பார்கள். அயனாம்சம் வேறு, ராசி எங்கே தொடங்குகிறது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு, அதனால்தான் தேதி மாறுகிறது என்பார்கள். 2025-ன் சனிக்கு அந்தச் சமாதானத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2020 டிசம்பர் 21-க்கு அது செல்லாது. ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், இரண்டு கிரகங்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. வானத்தில் ஒட்டி நின்ற இரண்டைக் கணக்கு ஏழெட்டுப் பாகை பிரித்து வைக்கிறது என்றால், பிழை கணக்கில். அந்தப் பிழையை ரகுநாதாச்சாரி உண்டாக்கவில்லை. இருக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான்.

திருக்கணிதம் இங்கிலீஷ்காரன் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்பது அடுத்த குற்றச்சாட்டு. கட்டுரையாளர் மலையாளக் கரையை எட்டிப் பார்த்ததே இல்லை போலும். வடசேரி பரமேச்வரர் ‘த்ருக்கணிதம்’ என்ற நூலை எழுதியது 1431-ல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, குறித்து வைத்து, பழைய கணக்கோடு ஒட்டாத இடங்களைத் திருத்தி எழுதினார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498-ல். பரமேச்வரருக்கும் முன்னால், 683-ல், ஹரிதத்தர் பரகிதம் என்ற பெயரில் ஆரியபடர் முறைக்குத் திருத்தம் கொடுத்திருந்தார். பரகிதமும் வானத்தோடு ஒட்டாமல் போனது. அதனால்தான் பரமேச்வரர் எழுத வேண்டி வந்தது. அவர் பரம்பரையில் வந்த நீலகண்ட சோமயாஜி இன்னும் கடுமை. சித்தாந்தங்கள் வானத்தோடு முரண்படும்போது பரிசோதித்துத் திருத்துவது ஜோதிஷனின் கடமை என்று வாதிடுவதற்காகவே ‘ஜ்யோதிர்மீமாம்ஸா’ என்று தனி நூல் எழுதினார். வாக்கியகரணத்துக்கு உரை செய்த நம் பக்கத்து சுந்தரராஜர் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கியது இதே நீலகண்டரிடம். அதாவது வாக்கியத்தின் உரையாசிரியரே திருத்தக்காரரிடம் பாடம் கேட்டிருக்கிறார். பரம்பரை பரம்பரை என்று கட்டுரை முழுக்க மார்தட்டுபவர், அந்தப் பரம்பரை தன்னைத் தானே எத்தனை முறை திருத்திக்கொண்டது என்று ஒரு வரி சொல்லவில்லை.

வாக்கியத்தை நான் இழிவாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது அழகான கணிதம். நிலா பூமிக்கு அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று அதிகமும் ஆகும். இப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள், மீதம் ஏறக்குறைய இல்லை. எனவே 248 நாளுக்கு நாள் ஒன்றாக 248 வாக்கியம். எழுத்துகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் நிலாவின் நிலையாகப் படிக்கலாம். மனப்பாடம் செய்தவனுக்கு ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம், சோழி போதும். 248-ல் மிஞ்சும் சிறு வித்தியாசத்தைச் சரிக்கட்ட 3,031 நாள் சுழற்சி, அதற்கும் மேல் 12,372 நாள் சுழற்சி. இதைக் கட்டியவன் சாமானியன் அல்ல. (248 நாள் சுழற்சி பாபிலோனியாவிலும் இருந்தது. ரிஷிகளுக்குத் தனி ஏகபோகம் கேட்பவர்கள் அதற்கும் ஒரு பதில் தயார் செய்து வைத்துக்கொள்வது நல்லது.)

இனி அவர் காட்டும் அந்த ஓர் எண். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் சோழிக் கணக்கு கற்றார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1761-ல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, எட்டு ஆண்டு காத்திருந்து, 1769-ல் புதுச்சேரியில் மேகம் மறைத்து ஏமாந்த அதே துரதிர்ஷ்டசாலிதான். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடிற்று. உண்மைதான். கட்டுரையாளர் இதைக் காட்டி, பார்த்தீர்களா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்சம் உட்காரட்டும். அதே புதுச்சேரியில், அதே சோழி முறையில், 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை ஒரு பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன் என்ற வானியலாளருக்குக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். முதல் கிரகணத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைப்பதற்கு வக்கீல் தொழிலில் இடம் இருக்கலாம். வானியலில் இல்லை.

ஆனால் 41 விநாடியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. வாக்கியத்தில் கிரகணம் ஓரளவு ஒத்துவருகிறதே, பின் எப்படி அது தப்பாகும்? ஊரில் எல்லோரும் கேட்பது இதைத்தான். இதற்குப் பதில் தெரிந்தால் வழக்கு முடிந்தது.

நிலா சீரான வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வந்தால் வேகம், விலகினால் மந்தம். இதனால் சராசரி நிலையிலிருந்து நிலா முன்னும் பின்னும் விலகும். அந்த விலகலை நம்மவர்கள் மந்தபலம் என்றார்கள். பூமியும் நிலாவும் மட்டும் இருந்தால் இதன் உச்ச அளவு 6.29 பாகை. மூன்றாவதாகச் சூரியன் இருக்கிறது. அது நிலாவின் பாதையைப் பிடித்து இழுக்க, 1.27 பாகை அளவுள்ள இன்னொரு விலகல் உண்டாகிறது. இதை எவெக்ஷன் என்பார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இது முதல் விலகலுக்கு எதிராக நிற்கும், எனவே 6.29-ல் 1.27 கழிந்து 5.02. அஷ்டமியில் அதே திசையில் சேரும், எனவே 7.56. இப்போது ஆரியபட மரபின் மந்தபலத்தைப் பாருங்கள். விகிதம் 7-க்கு 80, அதாவது உச்ச அளவு 5 பாகை 1 கலை. அமாவாசை பௌர்ணமிக்கு உரிய அளவு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது! பழைய கணக்கர்கள் நிலாவை அளந்தது கிரகணங்களை வைத்து. கிரகணம் விழுவது அமாவாசை பௌர்ணமியில் மட்டும். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டு நாளுக்கான எண். அதை மாதம் முழுவதற்கும் பயன்படுத்தினார்கள். கிரகணத்தை வைத்து வாக்கியத்தைச் சோதிப்பது, வினாத்தாள் கசிந்த தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டுவது போன்றது.

அஷ்டமியில் என்ன ஆகிறது? 7.56-க்குப் பதில் 5.02. இரண்டரைப் பாகை வரை பிழை. சூரியனைவிட்டு நிலா விலகும் வேகம் மணிக்கு அரைப் பாகை. எனவே திதி முடியும் நேரத்தில் ஐந்து மணி நேரம் வரை பிசகும். இந்த வித்தியாசத்தைத்தான் ரகுநாதாச்சாரி உண்டாக்கினார் என்கிறார் கட்டுரையாளர். உண்டாக்கியது சூரியனின் ஈர்ப்பு. அதன்மேல் வழக்குப் போட வேண்டுமானால் முகவரி தருகிறேன்.

நம்மவர்களுக்கு இது தெரியாது என்பதும் பொய். முஞ்ஜாலர் 932 வாக்கில் எழுதிய ‘லகுமானஸ’த்தில் நிலாவுக்கு இரண்டாவது திருத்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். ஒடிசாவின் கண்டபடாவில் பிறந்த சாமந்த சந்திரசேகர் (1835–1904) மூங்கிலிலும் மரத்திலும் தானே செய்த கருவிகளை வைத்து, தொலைநோக்கி இல்லாமல், நிலாவின் மூன்று திருத்தங்களையும் தன்னந்தனியாகக் கண்டுபிடித்துச் சமஸ்கிருதத்தில் ‘சித்தாந்த தர்ப்பணம்’ எழுதினார். ஜோகேஷ் சந்திர ராய் முயற்சியில் 1899-ல் கல்கத்தாவில் அது அச்சாயிற்று. பூரி ஜகந்நாதர் கோயில் தன் சடங்குகளுக்கு அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. திருத்திய கணக்கைக் கொடுத்தால் தெய்வக் குற்றம் என்ற பயம் ஜகந்நாதருக்கு இல்லை.

இனி குமாஸ்தா விவகாரம். ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வாக்கியம் அவருக்கு வெளியாள் சொல்லித் தெரிந்த சங்கதி அல்ல. இளம் வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் சேர்ந்தார். 1861-ல் நார்மன் பாக்சன் அரசு வானியலாளராக வந்தபின் முதல் உதவியாளரானார். ‘உதவியாளர்’ என்ற பதவிப் பெயரைப் பார்த்துக் கட்டுரையாளர் கோப்பு கட்டும் ஆள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பதவியில் இருந்தவர் செய்த வேலை, இரவு இரவாகத் தொலைநோக்கியின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு விண்மீனும் நடுவானைக் கடக்கும் கணத்தைக் குறிப்பது, பகலில் அதைக் கணக்கிட்டுச் சீராக்குவது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் சென்னைப் பட்டியல் அப்படி உருவானது. 1867-ல் ரெட்டிக்குலம் என்ற தென்வான மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை ரகுநாதாச்சாரி கண்டுபிடித்தார். சென்னையில் அது உச்சத்துக்கு வரும்போதுகூட அடிவானத்துக்கு மேல் பதினான்கு பாகைதான் இருக்கும். புழுதியும் கடல் ஈரமும் கலந்த காற்றின் ஊடே அதைப் பார்த்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு வனபர்த்திக்குப் போனார். 1872-ல் லண்டன் ராயல் அஸ்ட்ரானமிகல் சொசைட்டி அவரை ஃபெலோவாக ஏற்றது. 1874 டிசம்பர் 9 வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்தில் மட்டுமா எழுதினார்? கன்னடத்திலும் உருதுவிலும் அந்த நூல் வந்தது. கன்னடப் பிரதியைத் தேடி எடுத்து ஆராய்ந்தவர்கள் நம் பெங்களூருக்காரர்கள். சென்னை வானாய்வகத்தின் பழைய ஆவணங்கள் இன்று கோரமங்கலாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் இருக்கின்றன. கட்டுரையாளர் ஒரு நாள் ஆட்டோ பிடித்து அங்கே போய் வந்திருந்தால் நமக்கு இந்த வேலை வந்திருக்காது.

நாட்டிகல் அல்மனாக்கைப் பார்த்து எழுதினார் என்பது? ஆமாம், பார்த்தார். ஒளிக்கவில்லை, வெளிப்படையாகச் சொன்னார். அன்று அதில் நிலாவின் நிலை ஹான்சன் 1857-ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்தது. சூரியன் நிலாவை இழுப்பதை நூற்றுக்கணக்கான உறுப்புகளாக விரித்து எழுதிய கோட்பாடு அது. அதே காலத்தில் பாரிசில் தெலோனே இருபது ஆண்டு உட்கார்ந்து நிலாவின் சூத்திரத்தை எழுத்தாலேயே விரித்துக்கொண்டிருந்தார். நூறாண்டு கழித்து, 1970-ல், கணினியில் சரிபார்த்தபோது அவர் வெளியிட்ட இரண்டு பெரும் தொகுதியிலும் சிக்கிய பிழைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. இந்த உழைப்பை எடுத்து நம் ஊர்த் திதியாகவும் நட்சத்திரமாகவும் மாற்றுவது எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேலை அன்று. கிரீன்விச்சின் நண்பகலுக்குக் கொடுத்த நிலையை அதற்கு 5 மணி 21 நிமிடம் கிழக்கே உள்ள சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். வசந்த விஷுவத்திலிருந்து அளந்ததை, நம் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்திலிருந்து அளக்கும் நிரயண அளவுக்கு மாற்ற வேண்டும். சூரிய உதயத்துக்கு நாழிகை கூட்ட வேண்டும். ரகுநாதாச்சாரி புதிய நிலாக் கோட்பாடு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அவர் தெலோனே அல்ல, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். தன் காலத்தின் சிறந்த கணக்கை எடுத்துத் தன் மக்களின் பஞ்சாங்கத்தில் வைத்தார். பரமேச்வரர் செய்ததும் அதுவே. அதைச் செய்யத் துணிந்ததற்காகத்தான் தன் காலத்திலேயே வசை வாங்கினார். வசை இன்னும் ஓயவில்லை என்பதற்குச் சென்ற இதழ் சாட்சி.

ஒரு பேச்சுக்கு, வேற்றுநாட்டு அட்டவணையைத் தொட்டது தீட்டு என்றே வைத்துக்கொள்வோம். 1952-ல் மேக்நாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு என்ன செய்தது? வானத்தோடு ஒட்டிய கணக்கையே நாட்டுக்குப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் அப்படியே நடக்கிறது. சாஹாவையும் குமாஸ்தா பட்டியலில் சேர்த்துவிடலாமா?

இப்போது கட்டுரையின் உச்சம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்ரி புவான்கரே, ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று பொருள்களின் கணக்கைத் தீர்க்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டாராம். ஆகவே நவீன வான் இயக்கவியலும் உத்தேசம்தானாம், வாக்கியமும் உத்தேசம்தானாம், இரண்டும் ஒரே தட்டாம். இந்த நிரூபணத்தைக் கண்டும் காணாமல் திருக்கணிதத்தைப் புகுத்தினார் என்று ரகுநாதாச்சாரிமேல் ஒரு குட்டும் வைக்கிறார். ரகுநாதாச்சாரி காலமானது 1880 பிப்ரவரி 5. புவான்கரேயின் கட்டுரை அச்சானது 1890-ல். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் தாளைப் படிக்கவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு வேறொரு பஞ்சாங்கம் வேண்டும்.

புவான்கரே சொன்னது இவர் நினைப்பது அல்ல. மூன்று பொருள்களின் இயக்கத்தை ஒரே கையடக்கச் சூத்திரத்தில் எழுதிவிட வழி இல்லை, சில தொடக்க நிலைகளில் மிகச்சிறு வித்தியாசம் பின்னால் மிகப் பெரிதாகலாம் என்பது அவர் கண்டது. கணக்கிடவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடலாம் என்ற கேள்வியை எழுப்பினார். அதற்கும் விடை வந்துவிட்டது. 1989-ல் ஜாக் லாஸ்கார் உள்கிரகங்களின் கணக்கு எப்போது கைநழுவத் தொடங்கும் என்று காட்டினார். தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை ஏறக்குறைய ஐம்பது லட்சம் ஆண்டுக்கு ஒருமுறைதான் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகுகிறது. ஐம்பது லட்சம் ஆண்டு! நம் விவகாரம் வருகிற அஷ்டமி. 1969-ல் நிலாவில் வைத்த கண்ணாடிகள்மேல் லேசர் வீசி அதன் தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறார்கள். சென்டிமீட்டரில் வரும் உத்தேசத்தையும் இரண்டரைப் பாகையில் வரும் உத்தேசத்தையும் ஒரே தட்டில் வைக்கும் தராசு எந்தக் கடையில் கிடைக்கிறது?

புவான்கரேயை இழுத்ததால் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் மன்னர் ஆஸ்கரின் பரிசை 1889-ல் வாங்கிய அதே கட்டுரையில் பிழை இருந்தது. அச்சான இதழ் பரவுவதற்குள் அதைக் கண்டுகொண்டார். புதிதாக எழுதி, மறு அச்சுச் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்தார். பரிசு 2,500 குரோனர். செலவு 3,585. குழப்பம் என்று இன்று நாம் சொல்லும் கோட்பாட்டின் விதை அந்தத் திருத்தத்தில்தான் இருந்தது. வாக்கியத்தில் பிழை உண்டு என்று ஒப்புக்கொள்ள ஒரு குரோனரும் செலவில்லை, இருந்தும் நம் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, இஸ்ரோ. செவ்வாய்க்குக் கலம் அனுப்பியதே பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் என்று 2022-ல் ஒரு நடிகர் சொன்னார். சொன்னது அறியாமையால் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். நடிகருக்கு இருந்த நேர்மை இந்தக் கட்டுரைக்கு இல்லை, அதே கதையை அட்சரம் பிசகாமல் எடுத்து வைத்திருக்கிறது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் யஷ்வந்த்புரம் தாண்டிப் பீன்யா. இஸ்ரோவின் விண்கலங்களைப் பின்தொடரும் இஸ்ட்ராக் மையம் அங்கேதான் இருக்கிறது. சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலை உத்தரவுகள் போனதும் அந்த மையத்திலிருந்து.

அன்றைய மாலையை வாக்கியத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுக்கில சப்தமி, நிலா அரை வட்டத்தை நெருங்கியிருந்தது. பூமிக்கு அண்மையிலும் இல்லை, தொலைவிலும் இல்லை, நேர் நடுவில். ஆரியபட மந்தபலம் அதிகமாகத் தவறும் இடம் துல்லியமாக அதுவே. சூரியன் தரும் மற்றச் சிறு திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் வாக்கிய நிலாவுக்கும் நிஜ நிலாவுக்கும் நடுவே சுமார் இரண்டு பாகை. நிலா இருக்கும் தூரத்தில் அது ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். நிலாவின் விட்டமே 3,474. கட்டுரையாளரின் பஞ்சாங்கத்தை நம்பி இறங்கியிருந்தால், விக்ரம் லேண்டர் கால் வைக்கும் இடத்திலிருந்து நிலா ஏறக்குறைய நான்கு நிலா தள்ளி இருந்திருக்கும்.